உயரம் வாரியா மலைப் புல்வெளில பறவை கணக்கெடுத்த அனுபவம்

நீலகிரி மேல்மலைப் புல்வெளில எந்த உயரத்துல என்னென்ன பறவை இருக்குன்னு கணக்கெடுக்கிற வேலைய ஒருவழியா முடிச்சாச்சு. இதே மாதிரி பண்ண நெனைக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

மொதல்ல பெர்மிஷன். ரிசர்வ் ஃபாரஸ்ட்டோ நேஷனல் பார்க்கோ, வனத்துறை எழுத்துல குடுக்காம உள்ள போகக் கூடாது. வலை போட மாட்டோம், பிடிக்க மாட்டோம், பாத்து கேட்டு எழுதுறது மட்டும்தான்னு அப்ளிகேஷன்ல ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. கூட வர்ற வாட்சர் அண்ணன் சொல்றத அப்படியே கேளுங்க, பனிமூட்டத்துல காட்டெருமை எங்க நிக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து பிளான். 1400 மீட்டர்ல ஆரம்பிச்சு 200 மீட்டருக்கு ஒரு பட்டைனு பிரிச்சு, எல்லா பட்டைலயும் ஒரே எண்ணிக்கைல பாயிண்ட், அதாவது நின்னு பறவை எண்ணுற எடம், வச்சேன். இது ரொம்ப முக்கியம், ஏன்னா மேல போகப்போக நெலப்பரப்பே சுருங்கிடும், நீலகிரிலயே உயரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான், கீழ நெறைய நேரமும் மேல கொஞ்ச நேரமும் நின்னுட்டு மேல பறவை கம்மின்னு சொன்னா அது நியாயமே இல்ல. ஒவ்வொரு பாயிண்ட்லயும் பத்து நிமிஷம், சுத்தி 50 மீட்டருக்குள்ள பாத்தது கேட்டது எல்லாம் நோட்ல. தூரத்த கண்ணால மதிப்பு போடாதீங்க, திறந்த புல்வெளில எல்லாமே கிட்ட இருக்கற மாதிரி தெரியும், தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கைல இருக்கட்டும். தினமும் கீழேருந்தே ஆரம்பிக்காம ஒரு நாள் மேலேருந்து ஒரு நாள் கீழேருந்துன்னு மாத்தி மாத்தி போகணும். 1000 மீட்டர் ஏறினா ஏறக்குறைய ஆறு டிகிரி குளிரு கூடிடும், உறைபனி விழுந்த காலைல மேல இருக்கறதுங்க வெயில் பட்டப்புறம்தான் சத்தமே குடுக்கும், காத்து கெளம்பிட்டா மறுபடி அடங்கிடும், அந்த நடுவுல கெடைக்கிற நேரம்தான் நமக்கு.

அடையாளம் கண்டுபிடிக்கிறதுதான் நெஜமான வேலை. நெட்டைக்காலின்னு (இங்கிலீஷ்ல பிபிட்) சொல்ற சின்னப் பறவைங்க எல்லாமே பழுப்பு, எல்லாமே புல்லுக்குள்ள ஓடும். வயல் நெட்டைக்காலி நீளக்கால்ல நல்லா நிமிந்து நிக்கும். நீலகிரி நெட்டைக்காலிக்கு முதுகுல கோடு அழுத்தமா இருக்கும், வெரட்டினா கொஞ்ச தூரம் பறந்து பக்கத்துல இருக்கற புதர்லயோ மரத்துலயோ உக்காந்துடும். வானம்பாடி மேல எழும்பி பாடுறதால குழப்பம் கம்மி. கெளம்புறதுக்கு முன்னாடியே குரல் ரெக்கார்டிங் எல்லாம் கேட்டு காதுக்கு பழக்கிக்கோங்க, மூட்டம் எறங்கிட்டா பைனாகுலர் எதுக்கும் ஆகாது.

ஒவ்வொரு பறவை பக்கத்துலயும் இன்னொரு விஷயம் எழுதினேன்: புல்லுல இருந்துச்சா, மேல பறந்து போச்சா, சோலை (மலை மடிப்புல இருக்கற அடர்ந்த காடு) ஓரத்துலேருந்து குரல் மட்டும் வந்துச்சா. இத எழுதாம விட்டிருந்தா மொத்த கணக்கும் தப்பாதான் வந்திருக்கும். நடு உயரத்துல தேயிலை, சீகை (வாட்டில் மரம்), சோலை எல்லாம் ஒட்டி ஒட்டி வருது, அங்க சின்னான், கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான்னு லிஸ்ட் நீண்டுகிட்டே போகும், பாக்குறவங்க இதான் செழிப்பான எடம்னு நெனச்சுடுவாங்க. புல்லுல வாழுறத மட்டும் தனியா எடுத்து பாத்தா படமே வேற. உயரம் ஏற ஏற இனம் கொறையுது, ஆனா மிஞ்சுறது நீலகிரி நெட்டைக்காலி மாதிரி தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டுமே இருக்கற பறவை, அதுவும் பெரும்பாலும் 1900 மீட்டருக்கு மேல இருக்கற புல்வெளில. அதுக்கு மேல ஏறிப்போக எடம் கெடையாது. பழனி மலைல ஏறக்குறைய நாப்பது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு புல்வெளி போயிடுச்சுன்னு சாட்டிலைட் படம் வச்சு பண்ணின ஆய்வு சொல்லுது, போனதுல பெரும்பகுதி சீகை, யூகலிப்டஸ், பைன் மாதிரி நட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும். மரம் நட்டா நல்லதுன்னு நெனச்சு புல்வெளிய வெறும் தரிசா பாக்குறவங்க கிட்ட நான் இதத்தான் திரும்பத் திரும்ப சொல்றேன், சீகை உள்ள வந்த எடத்துல புல்வெளிப் பறவைக்கு வேல இல்ல.

அதனால ரிப்போர்ட்ல உயரத்துக்கு எத்தன இனம்ங்கற கிராஃப் மட்டும் போடல, அதுல இந்த மலைக்கு மட்டுமே உரியது எத்தனங்கறதையும் பக்கத்துலயே வச்சேன். மொத கிராஃப மட்டும் பாத்தா மேல்மலை ஏழை மாதிரி தெரியும், ரெண்டையும் சேத்து பாத்தா அப்படி யாரும் சொல்ல முடியாது.

கோடைல மட்டும் கணக்கெடுத்தா அகலவால் புல்குருவி கைவிட்டு போயிடும். மத்த நாள்ல புல்லுக்குள்ளயே பதுங்கி இருக்கும், மழைக்காலத்துலதான் புல் நுனில ஏறி பாடும். அட்டைக்கும் மழைக்கும் தயாரா இன்னொரு சுத்து போகணும், பெர்மிஷனுக்கு மழைக்கு ரொம்ப முன்னாடியே எழுதி வச்சிடுங்க.