பிரசாதத்தில் மயக்க மருந்து, கழுத்தில் இருந்த செயின்: புகார் முதல் அடையாள அணிவகுப்பு வரை

கொருக்குப்பேட்டையில் தனியாக இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு, வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவள் பிரசாதம் என்று தொன்னையில் பொங்கல் கொடுத்தாள். கண் விழித்தபோது செயின் இல்லை. அதன்பிறகு செய்தவற்றை எழுதுகிறேன், இன்னொரு குடும்பத்துக்கு உதவட்டும்.

முதலில் ஆஸ்பத்திரி, அதுவும் உடனே. டூட்டி டாக்டரிடம் "மயங்கி விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். யாரோ கொடுத்ததைச் சாப்பிட்டார், நகை போய்விட்டது என்று சொல்லி ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். ரத்தம், சிறுநீர் இரண்டையும் எடுத்து சீல் வைக்கச் சொல்லுங்கள். தூக்க மருந்து ரத்தத்தில் சீக்கிரம் குறைந்துவிடும், சிறுநீரில் கூடுதல் நேரம் தங்கும். எங்களுக்கு முதல் நாள் ரத்தம் மட்டும்தான் எடுத்தார்கள். மறுநாள் கேட்டுத்தான் சிறுநீர் எடுக்க வைத்தோம். அந்த ஒரு நாள் இழப்பு பெரியது.

தொன்னை குப்பைக் கூடையில், நெய் உறைந்து எறும்பு மொய்க்கக் கிடந்தது. நல்லவேளை, குப்பை வண்டி வரவில்லை. கைபடாமல் எடுத்துச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். போலீஸ் வந்ததும் சாட்சிகள் முன் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதி வாங்கிக்கொண்டார்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 105. எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

ஸ்டேஷனில் திருட்டுப் பிரிவை மட்டும் போட்டு சி.எஸ்.ஆர். (வழக்குப் பதியாமல் தரும் புகார் ரசீது) தரப் பார்த்தார்கள். விடாதீர்கள். குற்றம் செய்யும் நோக்கத்தோடு விஷமோ மயக்க மருந்தோ கொடுப்பது பி.என்.எஸ். (புதிய குற்றச் சட்டம்) பிரிவு 123, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 328. 10 ஆண்டு வரை சிறை, அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம், செஷன்ஸ் கோர்ட் விசாரிக்கும். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவத்துக்குப் புதிய பிரிவுதான். புகாரிலேயே என்ன கொடுத்தாள், எத்தனை மணிக்கு, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தலை சுற்றியது என்று எழுதுங்கள். கோர்ட்டில் கேட்கப்போவது மூன்றுதான்: அது மயக்கப் பொருளா, இவள்தான் கொடுத்தாளா, என்ன நோக்கத்தில். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி துணை கமிஷனருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

மாதிரிகள் மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்குப் போகும். ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் தெரிவிக்க வேண்டும். வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

ஆள் பிடிபட்டதும் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டோவைக் காட்ட வந்தார், தடுத்துவிட்டோம். அடையாள அணிவகுப்புக்கு (பலரோடு நிறுத்தி, யார் என்று காட்டச் சொல்வது) முன் பாதிக்கப்பட்டவர் போட்டோ பார்த்திருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.