செம்பருந்தின் கண் கடைசியில் கூர்மையாக விழுந்தது

நான்காவது நாள் காலையில்தான் கிடைத்தது. ஆலா என்னும் நீர்ப்பறவையின் குஞ்சைக் காலில் இடுக்கிக்கொண்டு மணல் திட்டிலிருந்து எழும்பும் செம்பருந்து, கண்ணில் ஒளிப்புள்ளியோடு. ஒரே ஒரு படம். பெருமையாகவே சொல்கிறேன், இத்தனை வருடத்தில் எனக்கு அமைந்த நல்ல படம் இதுதான்.

முதல் மூன்று நாளும் தோல்வி. பருந்து தாழ்ந்ததும் திட்டில் இருக்கும் ஆலாக்கள் மொத்தமும் கிளம்பி அதை விரட்டும். பறவையின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் கேமராவின் ஃபோகஸ் உடனே குறுக்கே வரும் ஆலாவுக்குத் தாவிவிடும். ஆலாவின் கறுப்புத் தொப்பி இறகு இறகாகத் தெரிகிறது, பின்னால் செம்பழுப்பாக ஒரு கலங்கல்! அறுநூறு படங்களை அப்படியே அழித்தேன்.

சரி என்று கண் தேடலை அணைத்தேன். ஒற்றை ஃபோகஸ் புள்ளி, சுற்றிலும் சின்ன விரிவு, டிராக்கிங் உணர்திறன் ஆகக் குறைந்த படிக்கு. குறுக்கே எது வந்தாலும் கேமரா சற்றுப் பொறுக்கும். அதைவிட முக்கியம், பருந்து தொலைவில் வரும்போதே பிடித்துவிட வேண்டும். ஆலாக்கள் எழும்பிய பிறகு தேடினால் கிடைக்காது. அவற்றின் கத்தல் மாறுவதுதான் எனக்கு அறிவிப்பு. நம் கண்ணில் படுமுன்பே அவை பார்த்துவிடுகின்றன.

எக்ஸ்போஷருக்கு அடைகாக்கும் ஆலாவின் வெள்ளை நெஞ்சை அளந்து மேனுவலில் நிறுத்திவிட்டேன். பருந்தின் தலையும் அதே வெள்ளை, அதே வெயில். ஷட்டர் 1/3200 நொடி, லென்ஸ் துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800. தலையில் இறகின் மெல்லிய கோடுகள்கூட வெளுக்காமல் நிற்கின்றன.

லென்ஸோடு மாட்டினால் பறவையை 1.4 மடங்கு பெரிதாகக் காட்டும் கன்வெர்ட்டர் வேண்டாம் என்பது என் முடிவு. ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகிறது, ஃபோகஸும் மந்தமாகிறது. வாங்கியது வீண். விற்றவர் இந்த லென்ஸுக்குச் சரியாக வரும் என்று அடித்துச் சொன்னார். கன்வெர்ட்டர் இல்லை என்பதற்காகத் திட்டை நெருங்கவும் கூடாது. நாம் போனால் தாய்ப்பறவை எழும்பிவிடும், முட்டையும் குஞ்சும் வெயிலில் வேகும், பருந்துக்கும் வழி திறந்துவிடும். படத்தை வெட்டிக்கொள்ளலாம்.

வெயில் ஏறியதும் மணலுக்கு மேல் காற்று நெளியத் தொடங்கியது, மூட்டை கட்டினேன். நான் பார்த்த ஏழு பாய்ச்சலில் ஐந்தில் பருந்து வெறுங்காலோடுதான் திரும்பியது. அடுத்து அந்த விரட்டலை எடுக்க வேண்டும், ஆலாவின் அலகு பருந்தின் முதுகைத் தொடும் அந்த நொடியை. அதற்கு, முக்காலியில் லென்ஸைத் தாங்கும் கிம்பல் ஹெட்டைக் கழற்றிவிட்டுக் கையில் பிடித்தே பார்க்கப்போகிறேன். நேற்று எடுத்ததில் இன்னும் நானூறு படம் பார்க்காமல் கிடக்கிறது.