பதிவேட்டில் இல்லாத கட்டம்

கால்நடை மருந்தகப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர், ஊர், மாட்டின் வயது, நோய், கொடுத்த மருந்து எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மாடு செத்தபின் அதை யார் தின்றார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. நானும் கேட்டதில்லை.

மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில் வேலை பார்த்த காலம். நொண்டும் எருது, மடி வீங்கிய பசு, காய்ச்சலில் தீனி எடுக்காமல் படுத்துவிட்ட கிழமாடு, எதுவானாலும் வலியும் வீக்கமும் தணிக்கும் டைக்ளோஃபினாக் ஊசிதான். விலை மலிவு, சாயங்காலத்துக்குள் மாடு அசைபோடத் தொடங்கிவிடும். கைராசிக்காரர் என்ற பெயரும் கிடைத்தது. பிழைக்காத மாட்டை ஓடைப் பக்கம் இழுத்துப் போட்டுவிடுவார்கள். பாறுகள் இறங்கும். பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிப்பவர்களில் நானும் ஒருவன்.

2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு வெளியானது. அந்த மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஈரல்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சாகிற மாடுகளில் கடைசி நேரத்தில் இந்த ஊசி போட்டவை நூற்றுக்கு ஒன்றாவது இருக்குமா?

அவ்வளவுகூட வேண்டாம் என்பது பிறகுதான் உறைத்தது. கல்லூரியில் எங்களுக்குக் கற்றுத்தந்தது ஒற்றை உடலின் மருத்துவம். ஓர் இனத்தின் கணக்கு வேறு. எலிகள் பாதி செத்தாலும் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிவிடும். பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து இணைசேர ஐந்தாண்டு போல ஆகும். நெடுநாள் உயிரோடிருந்துதான் அது தன் எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஒரு பிணத்தில் கூட்டமாக உட்கார்ந்து தின்னும் பழக்கம் வேறு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992-இல் ஆயிரம் இருந்தது என்றால் 2007-இல் ஒன்றுதான் மிச்சம்.

பாறு போனால் நாய் தின்னாதா என்று சக மருத்துவர் ஒருவர் கேட்டார். தின்னும், தின்று பெருகவும் பெருகும். வெறிநாய்க்கடிக்கு ஊசி போட அலைந்தவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தார்கள். மெலாக்சிகாம் வந்தது, பாறுகளுக்குத் தீங்கில்லாதது. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் முப்பது மில்லிப் புட்டியில் மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. மனிதனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய புட்டி? 2015-இல்தான் அதற்கும் தடை வந்தது.

அந்தத் தடைக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு விடிகாலையில் மாடு செத்துவிட்டது என்று ஆள் வந்தது. போனேன். வண்டிமாடு, கழுத்தில் ஊசி குத்திய இடம் இன்னும் தடித்திருந்தது.

"மூன்று நாளில் என்ன ஊசி போட்டீர்கள்?"

"செத்த மாட்டுக்கு அது எதற்கு ஐயா?"

பேசாமல் நின்றேன். பெரியவர் தொழுவத்து எரவாணத்தில் கையை விட்டுப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். கால்வாசி மருந்து மிச்சம் இருந்தது.

ஓடைக்கு இழுக்க வேண்டாம், புதைத்துவிடலாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டி எடுத்தார்கள். சரளை மண்; மார்பளவு ஆழம் தோண்ட வெயில் ஏறிவிட்டது. வேலை முடியும்வரை மேலே இரண்டு பாறுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன.