கொஞ்சம் நகரச் சொல்லு, தோப்பு மறையுது

கோபிக்கு (கோபிசெட்டிபாளையம்) பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் 'எஜமான்' படத்தை யாரும் இதுவரை முழுசாகப் பார்த்ததில்லை. போடாமல் இல்லை. பொங்கலுக்குப் போடுவோம், மாரியம்மன் நோம்பிக்குப் போடுவோம், ஒறம்பரை வந்தால் அவர்களுக்காக ஒருதரம் போடுவோம். ஆனால் படம் பாதியைத் தாண்டாது. காரணம் பொள்ளாச்சி மாமா.

மாமா அந்தப் பக்கம் பெண்ணெடுத்து, அங்கேயே தென்னந்தோப்பு வாங்கிக் குடியேறியவர். 1993இல் வந்த 'எஜமான்' பொள்ளாச்சியைச் சுற்றி எடுத்த படம். ரஜினி வந்து நின்றால் தியேட்டரே விசில் அடித்த காலம் அது. மாமாவோ, "அட, அந்தாளைக் கொஞ்சம் நகரச் சொல்லு கண்ணு, தோப்பு மறையுது" என்பார்.

ரிமோட் எப்போதும் என் கையில்தான் இருக்கும். "நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. ஆ, போதும்." திரையில் மீனா கண்ணைப் பாதி மூடியபடி நிற்பார். மாமா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், மீனாவின் காதுக்குப் பின்னால் தெரியும் தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். "ஒரு மட்டையிலயாவது வெள்ளை ஈ இருக்குதா பாரு!"

எப்படி இருக்கும்? தென்னை ஓலையில் சாறு உறிஞ்சும் அந்தச் சுருள் வெள்ளை ஈ நம் நாட்டுக்கு வந்ததே 2016இல்தான். வந்ததும் முதலில் கண்ணில் பட்டது பொள்ளாச்சித் தோப்புகளில். போதாக்குறைக்கு வேர் வாடல் நோயும் சேர்ந்துகொண்டு மாமாவின் தோப்பில் மரம் மரமாக வெட்ட வைத்திருக்கிறது. அதனால் அவருக்கு 1993ஆம் வருசத்துத் தென்னை மட்டை ஒவ்வொன்றும் மீனாவைவிட அழகு. அத்தை பக்கத்தில் இருக்கும்போதே இதைத் தைரியமாகச் சொல்வார். அத்தையும் கண்டுகொள்வதில்லை. மீனா என்று சொன்னால்தான் பிரச்சினை, மட்டை என்றால் பரவாயில்லை.

'தேவர் மகன்' இன்னும் மோசம். 1992 தீபாவளிக்கு வந்த படம். கதை நடப்பது தெற்கத்திச் சீமையில், எடுத்ததோ பொள்ளாச்சிப் பக்கம். சிவாஜியும் கமலும் எதிரெதிரே நின்று பேசும்போது நானெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். மாமா, "அந்தத் தூணு ஒவ்வொண்ணும் என்ன கனம், பாத்தியா" என்று நடுவில் வருவார். கரையை உடைத்து ஊருக்குள் வெள்ளம் வரும் காட்சியில் வீடே உச்சுக்கொட்டும். மாமாவும் உச்சுக்கொட்டுவார். ஆனால் அவர் வருத்தம் வேறு. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். தன் மண்டலத்துக்கு முறை வர மாதக்கணக்காகக் காத்துக் கிடப்பவர் அவர். "இத்தனை தண்ணியும் சும்மா போகுதே. இருவது ஏக்கரு பாயுமே" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

அவருக்கு நேர் எதிரி கோபி பெரியம்மா. மாமாவின் சொந்த அக்கா. பச்சையாக எந்த வயல் வந்தாலும் அது கோபி என்பார். மாமா பொள்ளாச்சி என்பார்.

"ஏன்டா, உங்கூர்ல நெல்லு ஏது? தேங்காதானே காய்க்கும்?"

"ஏனக்கா, ஆனைமலைப் பக்கம் வந்து பாருங்க, நெல்லு இருக்குதா இல்லையான்னு."

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. பவானியின் கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிவதால் கோபியில் வயல் காய்வது குறைவு. பொள்ளாச்சிக்கு ஆழியாறும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், பின்னணிக்கு ஆனைமலையும் இருக்கின்றன. செட்டுப் போடும் செலவில்லாமல் ஒரு கிராமம் கிடைத்தால் சினிமாக்காரர்கள் விடுவார்களா? எண்பது தொண்ணூறுகளில் இந்த இரண்டு ஊர்ப் பக்கமும் மாறி மாறி ஷூட்டிங் வேன் நின்றது. கோபிக்குச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்றே பேர். இதைச் சொன்னால் மாமா இரண்டு நாள் போன் எடுக்கமாட்டார்.

பெரியம்மாவின் கடைசி ஆயுதம் பாக்யராஜ். அவர் பிறந்த வெள்ளாங்கோயில் கோபிக்குப் பக்கம். ஆகவே 'முந்தானை முடிச்சு' பெரியம்மாவுக்குச் சொந்தப் படம். 1983இல் அந்தப் படம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் வைக்கும் நாளில் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். எனக்குக் காரணம் புரியவே பல வருசமானது.

இந்தப் பொங்கலுக்கு ஒரு புது ஆள் சேர்ந்தாள். பெங்களூரில் காலேஜ் படிக்கும் அண்ணன் மகள். ரீல்ஸில் துண்டு துண்டாகப் பார்த்ததை எல்லாம் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு வந்தாள். பாவம், கதை கேட்டாள்.

'சின்னத்தம்பி' போட்டோம். பிரபு வெகுளி, தாலி என்றால் என்னவென்றே தெரியாது என்று கதை போகிறது.

"சித்தப்பா, இவ்ளோ பெரிய ஆளுக்குத் தாலின்னா என்னன்னு தெரியாதா? இவர் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லையா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "கதைக்காகத் தெரியாதுன்னு வெச்சிருக்கறாங்க சாமி. நீ அதை வுடு. அந்த வரப்பைப் பாரு, என்ன சுத்தமா அணைச்சிருக்கறாங்கன்னு."

அவள் விடவில்லை. 'நாட்டாமை'யில் பஞ்சாயத்து கூடியதும், ஊரை விட்டுத் தள்ளிவைப்பது தப்பாயிற்றே, போலீஸே இல்லையா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால், இந்தப் படங்களில் பாதியை இன்று நேராக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. தீர்ப்பு வரும் இடங்களில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன். 1994இல் இதே காட்சிக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

கவுண்டமணி மட்டும் அப்படியே நிற்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் அவருக்கு யாரும் சிரிப்பதில்லை. அவர் பிறந்தது உடுமலைப் பக்கம் வல்லகுண்டபுரம். அவர் பேசுவது எங்கள் மாமா பேசுவதுதான், கொஞ்சம் சத்தமாக. 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை செந்தில் உடைப்பாரே, ஊர் உலகமே உருண்டு சிரித்த காட்சி, அதை மாமா கண் கொட்டாமல் சீரியஸாகப் பார்த்தார். "இதுல சிரிக்க என்ன இருக்குது? வாடகைப் பொருளை உடைச்சா கேக்கமாட்டாங்களா? அவரு மரியாதையாத்தான் கேட்டாரு." அண்ணன் மகள் படத்தை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

இத்தனைக்கும் நடுவில் பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். வாசப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி, மடியில் மிக்சர் கிண்ணம். 'நாட்டாமை'யில் மிக்சர் தின்னும் அந்த மனிதர் வந்தபோது எல்லோரும் திரையைப் பார்த்தோம், அப்புறம் ஒருசேரத் திரும்பி அவரைப் பார்த்தோம். அவர் ஒரு கடலையை வாயில் போட்டார்.

அடுத்து போட்ட படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் புரியும். அதிலும் ஒரு பஞ்சாயத்து, ஆலமரம், தலையில் துண்டு கட்டிய ஊர்ச் சனம். அம்மிச்சி அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தார். கண்ணில் புரை எடுத்த பிறகு அவருக்குப் பார்வை எங்கள் எல்லோரையும்விடத் தெளிவு. திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, நிறுத்து."

நிறுத்தினேன்.

"மூணாவது வரிசையில வேப்பங்குச்சி கடிச்சுட்டு உக்காந்திருக்கறானே, அவன் வடக்குத் தோட்டத்துக்காரன்தானே?"

மாமா கிட்டே போய்ப் பார்த்தார். பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஊரை வைத்துச் சண்டை போடும் அக்காவும் தம்பியும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். அவரேதான்.

"நம்ம எருமையை ஓட்டிட்டுப் போயி எண்ணூறு ரூவா பாக்கி வெச்சான். உங்கப்புச்சி கேக்கப் போனப்ப எல்லாம், வேலை தலைக்கு மேல இருக்குது, அப்புறம் வாங்கன்னான். இங்க உக்காந்து சினிமாவுல பஞ்சாயத்துப் பாத்துட்டு இருந்திருக்கறான்!"

அந்த வடக்குத் தோட்டத்துக்காரர் இப்போது இல்லை. ஆனால் அவருடைய பேரன் கல்யாணப் பத்திரிகை டிவிக்குக் கீழேயே இருந்தது, மஞ்சள் தடவி. தை கடைசியில் முகூர்த்தம். 5,001 ரூபாய் மொய் எழுதுவது என்று காலையில்தான் முடிவாகியிருந்தது.

"வட்டியோட எவ்வளவு ஆகும்?" என்று அம்மிச்சி கேட்டார். அண்ணன் மகள் உற்சாகமாகப் போனை எடுத்தாள். கதையே இல்லாத வீட்டில் அவளுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. "முப்பத்திரண்டு வருசம்னு வெச்சுக்கலாம். வட்டி எத்தனை பர்சன்ட் போடட்டும்?"

"நூத்துக்கு ரெண்டு" என்றார் பெரியப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "மாசத்துக்கு" என்று சேர்த்துக்கொண்டு மிக்சருக்குத் திரும்பினார்.

வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்த அண்ணன் மகள் போனைக் காட்டினாள். தொகையைப் பார்த்த மாமா, "அவ்வளவு போட்டா தோட்டத்தையே எழுதித் தரோணும், வேண்டாம், சும்மா வட்டியே போடு" என்று பெருந்தன்மையாக இறங்கினார். அசலோடு 6,944 வந்தது. மொய் 5,001ஐக் கழித்தால் இன்னும் 1,943 அவர்கள் நமக்குத் தர வேண்டும்.

கல்யாண வீட்டில் போய்க் கேட்கவா முடியும் என்று அம்மா தயங்கினார். அம்மிச்சி தயங்கவில்லை. "மொய் வேண்டாம். எல்லாரும் போயி உக்காந்து சாப்பிட்டுக் கழிச்சுட்டு வந்துருவோம்."

பெரியப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சைவப் பந்தி. பத்துப் பேராவது போகோணும்."

வேன் சொல்லியாயிற்று. அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வருகிறாள்.