உளி ஏறாத கல்

ஜேட் என்ற கல்லில் செய்த பொருள்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'செதுக்கியது' என்றே எழுதுகிறார்கள். பழஞ்சீனக் கைவினைஞர்களின் நெஃப்ரைட் ஜேட், நுண்ணிய நார்கள் பின்னிப் பிணைந்து இறுகிய கல். உளி வைத்து அடித்தால் மழுங்குவது உளிதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் அதன் கடினம் 6 முதல் 6.5, குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. இந்தச் சின்ன வித்தியாசம்தான் மொத்த வேலைக்கும் அடிப்படை. ஜேடை அறுத்ததும் துளைத்ததும் மெருகேற்றியதும் மணல்.

அறுக்க ஈரக்கயிறே போதும். கயிறு மென்மையாக இருப்பதால் மணல் அதில் பதிந்துகொண்டு கல்லை உரசும். தண்ணீர் கூடினால் மணல் வழிந்தோடிவிடும், குறைந்தால் கயிறு தேய்ந்து அறுந்துவிடும். மணலின் முனைகள் உருண்டு மழுங்கியதும் எவ்வளவு இழுத்தாலும் கல் இறங்காது; கழுவிவிட்டுப் புது மணல் போட வேண்டும். இழுக்கும்போது கயிறு வளைவதால் அறுத்த முகத்தில் வில் வில்லாக வரிகள் விழும். மரம், மூங்கில் போன்ற விறைப்பான தகட்டால் அறுத்தால் வரிகள் நேராக இருக்கும். மெருகு போட்ட பிறகும் சில இடங்களில் இந்த வரிகள் லேசாகத் தெரியும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், வேலை நடந்த முறைக்கு அதுவே சாட்சி.

இதையெல்லாம் ஒரே பொருளில் பார்க்க வேண்டுமென்றால், சோங் என்ற ஜேட் சடங்குப் பொருள். வெளியே சதுரம், உள்ளே வட்டத்துளை. யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில், தாய் ஏரியைச் சுற்றி, ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 2300 வரை நிலைத்த லியாங்சூ பண்பாட்டின் பொருள் இது. 1986இல் லியாங்சூ இடுகாடான ஃபான்ஷானின் 12ஆம் கல்லறையில் கிடைத்த சோங்கின் எடை 6.5 கிலோ, உயரம் சுமார் 9 செ.மீ., அகலம் சுமார் 17 செ.மீ.

துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மூங்கில் போன்ற குழாயின் அடியில் மணலும் நீரும் விட்டுச் சுழற்றித்தான் துளைத்தார்கள். இறங்க இறங்கக் குழாயின் விளிம்பும் தேயும், அதனால் துளை வாயில் அகன்று உள்ளே குறுகும். உயரமான சோங்கை ஒரு பக்கமாகவே துளைத்து முடிக்க முடியாது. இரு பக்கமும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். கொஞ்சம் விலகினாலும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி நிற்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 19 அடுக்கு கொண்ட, ஏறத்தாழ 50 செ.மீ. உயரச் சோங் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு முனையிலிருந்தும் கால் மீட்டர் இறங்கியாக வேண்டும்! வாயிலிருந்து கடைசிவரை ஒரே அகலத்தில், சீரான வளையக் கோடுகளோடு துளை போனால் சந்தேகப்படுங்கள். அது இயந்திரத் துரப்பணத்தின் வேலையாக இருக்கலாம்.

அடுத்தது கோடு. ஃபான்ஷான் சோங்கில், இறகுக் கிரீடம் அணிந்த உருவமும் அதன் கீழே பெரிய கண்களுள்ள மிருகமும் சுமார் 3 செ.மீ. உயரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் பல சிறு கீறல்களின் கற்றை. கூர்ங்கல்லைக் கையில் பிடித்து, மறுபடி மறுபடி இழுத்துப் போட்டவை அவை. வளைவுகூடக் குட்டிக் குட்டி நேர்க்கீறல்களைக் கோத்து வந்ததுதான். பிற்காலத்தில் சுழலும் உலோகச் சக்கரம் போட்ட கோடு வேறு மாதிரி: நடுவில் ஆழ்ந்து, இரு முனையும் படகு போல மெலியும். லியாங்சூ பொருள் என்று காட்டப்படுவதில் அந்தப் படகுக்கோடு இருந்தால் கதை பொய்.

சடங்குப் பொருளை எடுத்தாலே 'பி' என்ற வட்டத்தட்டு வானத்துக்கு, சோங் பூமிக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். அது 'சோ லி' என்ற பழஞ்சீனச் சடங்கு நூல் சொல்லும் கணக்கு. லியாங்சூ முடிந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு கழித்து எழுந்த நூல் அது. அதை அப்படியே பின்னோக்கி ஏற்றுவது தவறு.

கல் ஜேட்தானா என்று பார்க்கக் கத்தியால் கீறவே கூடாது. மண்ணில் கிடந்து வெளுத்த ஜேட் மென்மையாகியிருக்கும், உண்மையான பழம்பொருளே கீறிப்போகும். அடர்த்தியைப் பாருங்கள். காற்றில் 150 கிராம், நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டால் 100 கிராம் என்றால், 150ஐ வித்தியாசமான 50ஆல் வகுக்க 3.0 வரும். நெஃப்ரைட்டுக்கு அது சரியான எண். போலிக்கு அதிகம் பயன்படும் செர்பென்டைன் என்ற கல் 2.6ஐ ஒட்டி நிற்கும். வெடிப்பும் நுண்துளையும் இருந்தால் நீரில் விட வேண்டாம். வெளுத்த பரப்பில் கோட்டின் பள்ளத்தையும் பாருங்கள். வெளுப்பு பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். மேலே வெள்ளை, பள்ளத்தில் மட்டும் புதுப்பச்சை என்றால், கல் வெளுத்த பிறகு யாரோ போட்ட கோடு அது.