மோன்மார்த்ரில் வாடகைக்கு வீடு பிடித்த கதை

பாரிஸின் மோன்மார்த்ர் குன்றுக்கு ஓவியர்களை இழுத்ததில் மலிவான வாடகைக்குப் பெரும் பங்கு உண்டு. 1860 வரை அது நகர எல்லைக்கு வெளியே இருந்த கிராமம். கையில் காசில்லாத பிக்காசோ 1904இல் அங்கே பத்தோ லவ்வார் என்னும் மரக்கட்டடத்தில் குடியேறினார். இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொல்லியே வாடகையை ஏற்றுகிறார்கள். லெப்பிக் தெருவில் நான் பார்த்த ஒரு விளம்பரம் ‘வான் கோ வாழ்ந்த தெரு’ என்று தொடங்கியது. அவர் தம்பி தியோவோடு இருந்தது 54ஆம் எண் வீட்டில். விளம்பர வீடோ தெருவின் மறுகோடியில்.

அந்தப் பகுதியில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் ஓவியம் அல்ல. குன்றிலிருந்து கிழக்கே இறங்கி நடந்தால் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பேட்டை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோயிலும் பக்கம்.

பாரிஸில் வீடு தேடுவது என்றால் முதலில் ‘தொசியே’ சேர்ப்பது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், வருமான வரி அறிக்கை, முந்தைய வீட்டு வாடகை ரசீதுகள், அடையாள அட்டை எல்லாம் அடங்கிய கோப்பு அது. சம்பளம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம் இல்லை, ஆனால் சட்டத்தைவிட உறுதியாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதற்கும் மேலே ஜாமீன் கேட்பார்கள். பிரான்ஸில் சொந்தபந்தம் இல்லாதவன் யாரைக் காட்டுவது? எனக்குக் கைகொடுத்தது ‘விசால்’ என்ற இலவச ஜாமீன் திட்டம். 30 வயது வரை உள்ளவர்களுக்கும், வயது கூடினாலும் புதிய வேலையில் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் கிடைக்கும். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே அந்தச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை அரசின் ‘தொசியே ஃபசில்’ தளத்தில் ஏற்றினால் சரிபார்த்து, நீர்க்குறி போட்டுத் தருவார்கள். வங்கிக் கணக்கு அறிக்கையை வீட்டுக்காரர் கேட்கவே கூடாது. கேட்டார்கள். கொடுக்கவில்லை. அந்த வீடும் கிடைக்கவில்லை.

பார்க்கப் போகும்போது அளவு நாடா எடுத்துச் செல்லுங்கள். பழைய கட்டடங்களின் மேல்மாடியில், கூரைக்கு அடியில் உள்ள அறைகள் ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்கானவை. கூரை சரிந்து வரும். 1.80 மீட்டருக்குக் குறைவாக உயரம் உள்ள இடத்தைக் குடியிருக்கும் பரப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி. 24 சதுர மீட்டர் என்று எனக்குக் காட்டிய ஓர் அறையில் பாதி இடத்தில் நான் குனிந்துதான் நின்றேன். லிஃப்ட்டும் இல்லை. குன்றை ஏறி வந்து, அதற்குப் பிறகு ஆறு மாடி.

கடைசியில் அமைந்தது மூன்றாம் மாடியில் ஓர் அறை, சமையலறை. ஒப்பந்தத்தைப் படித்தபோது வாடகைக்குக் கீழே ‘கூடுதல் வாடகை’ என்று 110 யூரோ தனியாக இருந்தது. காரணம்: சாக்ரே கேர் தேவாலயத்தின் காட்சி. தெரியத்தான் செய்தது, சமையலறை ஜன்னலில் தலையை வெளியே நீட்டினால்.

பாரிஸில் 2019 முதல் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. பேட்டை, கட்டிய காலம், அறைகளின் எண்ணிக்கை, கட்டில், மேசை போன்ற தளவாடங்கள் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று இணைய வரைபடத்திலேயே பார்க்கலாம். அடிப்படை வாடகை அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைத் தாண்டிக் கேட்க வீட்டில் தனிச்சிறப்பு இருக்க வேண்டும். ஆனால் 2022 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, ஏ முதல் ஜி வரை போகும் எரிசக்தித் தரவரிசையில் கடைசித் தரங்களான எஃப் அல்லது ஜி வாங்கிய வீட்டுக்குக் கூடுதல் வாடகையே கேட்க முடியாது, ஜன்னலில் எந்தக் கோபுரம் தெரிந்தாலும். என் வீட்டின் தரம் எஃப். அது ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே அச்சாகி இருந்தது.

அப்போதே சொன்னால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். லா சப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். “முதலில் திறப்பை வாங்கும் தம்பி, சட்டத்தைப் பிறகு கதைக்கலாம்” என்றார். திறப்பு என்றால் சாவி. தந்திரமாகத் தோன்றினாலும் சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது: கையெழுத்திட்ட மூன்று மாதத்துக்குள், வாடகைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் சமரசக் குழுவிடம் முறையிடலாம். வீட்டுக் காப்பீட்டைக் காட்டி, ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கட்டி, சுவர்க் கீறல் வரை புகைப்படம் எடுத்துச் சாவியை வாங்கினேன். பிறகு உரிமையாளருக்கு ஒரு பதிவுத்தபால், சமரசக் குழுவுக்கு ஒரு மனு.

குழு கூடுவதற்கு முன்பே உரிமையாளர் பதில் எழுதினார். அடுத்த மாதம் முதல் கூடுதல் வாடகை கிடையாது, ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துக்கொள்ளலாம் என்று. கீழே இன்னொரு வரி: தெருப் பக்க ஜன்னலில் துணி காயப்போடக் கூடாது.