பலாவுக்குச் சட்டம் இருக்கிறது

நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஒருவர் வந்து எங்கள் பலாமரத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் நடந்தார். கையில் மரச் சுத்தியல். தட்டுவார், காதை வைப்பார், அண்ணாந்து பார்ப்பார், மறுபடியும் தட்டுவார். தேத்தண்ணி கொண்டு போன அம்மா, "என்ன தம்பி, அதுக்குக் காய்ச்சலே?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

எல்லாம் கனடாவில் இருக்கும் அண்ணனால் வந்தது. குசினிக் கூரைக்கு மேலே ஒரு கொப்பு சாய்கிறது என்று அவனுக்குப் படம் அனுப்பியது என் பிழை. ஐப்பசி மழைக்கு முன்னம் எடுத்துவிட வேண்டும், ஆனால் வேலை தெரிந்த ஆளைத்தான் பிடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எங்கள் பக்கத்தில் மரத்துக்கு வருகிறவர் ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு சாரத்தோடு வருவார். பின்னேரம் மரமும் நிற்காது, அவரும் நிற்கமாட்டார். கடைசியில் கொழும்பில் மரம் பராமரிக்கிற வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய இந்தத் தம்பி கிடைத்தார். தலையில் ஹெல்மெற், இடுப்பில் பட்டி, 18,000 ரூபா.

அப்பாவுக்கு இதில் ஒன்றும் சம்மதமில்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது என்று இலங்கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அப்பாவும் 1951. அதனால் அந்தச் சட்டத்தைக் கூடப்பிறந்த சகோதரம் மாதிரித்தான் நடத்துவார். "தறிக்கேல்லை அப்பா, கொப்புத்தான் கழிக்கிறம்" என்றேன். "எல்லாரும் கொப்பிலதான் தொடங்குவினம்" என்றார். பெண்பனைக்கே பாதுகாப்பு இருக்கிற நாட்டில் தனக்கு ஒன்றுமில்லை என்று அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னார். ஆண்பனைக்கும்தான் ஒன்றுமில்லை என்று அப்பா. இது இரண்டு நாள் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "மேலாலை மொட்டை அடிச்சு விடுங்கோ தம்பி, ஒரேயடியாப் பிரச்சினை முடியும்" என்று வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ரீச்சர் குரல் கொடுத்தார். அவர்களுடைய வேம்பு மொட்டை அடிக்கப்பட்டு இரண்டு வருஷம். இப்போது தும்புத்தடி மாதிரி நிற்கிறது. தம்பி அதைக் காட்டித்தான் விளக்கம் சொன்னார்: இலை முழுவதையும் எடுத்தால் மரத்துக்குச் சாப்பாடு இல்லை, அது பதறியடித்துக்கொண்டு தளிர் விடும், அந்தக் கொப்புகள் மேல்தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், காத்தடித்தால் முதலில் முறிவது அவைதான். ரீச்சர் வேம்பைப் பார்த்தார். பிறகு ஒரு கறிச்சட்டியைச் சாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் தம்பி ஒரு பழைய காயத்தில் நின்றுவிட்டார். கொப்பு போன இடத்தில் பட்டை இரண்டு அடிக்குக் கீழ்நோக்கி உரிந்து, உள்ளே உக்கி, அணில் குடும்பம் நடத்துகிறது. சுற்றிவரப் பச்சைப் பெயின்ற். பாரமான கொப்பென்றால் முதலில் கீழ்ப்பக்கத்தில் ஒரு வெட்டு, பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு, கடைசியாக மிஞ்சிய கட்டையை, கொப்பு மரத்தோடு சேருகிற கழுத்தடியில் எடுக்க வேண்டுமாம். ஒரே வெட்டில் விழுத்தினால் பட்டையையும் இழுத்துக்கொண்டுதான் விழும். பெயின்றும் அடிக்கக் கூடாது, மரம் தானே மூடிக்கொள்ளும்.

"ஆர் இதை வெட்டினது?"

ஒருவரும் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் கனடா இரவில் கண்விழித்திருந்த அண்ணன்கூடப் பேசவில்லை. "முந்தி இருந்த ஆக்களாயிருக்கும்" என்றார் அப்பா. இந்த வளவில் நாங்கள் 1983இலிருந்து இருக்கிறோம். பெயின்ற் எங்கள் கேற்றின் நிறம்.

கொப்பு இறங்குவதற்குள் ஒழுங்கை முழுக்கச் செய்தி போய்விட்டது. பலாக் குழை என்றால் ஆடுகளுக்கு மோப்பம் பிடிக்கிறதோ இல்லையோ, ஆட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும். ஏழு வீட்டுக்காரர் வந்தார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி. குழை அள்ளியவர்களில் ஒருவராவது விழுந்த சுள்ளியைப் பொறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டியது நான்.

ஆனால் மரத்துக்கு உண்மையான கரைச்சல் கொப்பு இல்லையாம், அடியில் இருக்கும் சீமெந்துக் கட்டாம். எங்கள் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல். வேர் ஆழத்துக்குப் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடுகிறது. அதற்கு மேலே சீமெந்தைப் போட்டு அடைத்தால் மூச்சு விடுமா? 2020இல் புரெவிப் புயல் மழைக்கு அந்தக் கட்டுக்குள் தண்ணீர் கட்டி நின்றது எனக்கே ஞாபகம். பலாவுக்கு ஈரக்கால் ஆகாது.

இடம்பெயர்ந்துபோய் 1996இல் திரும்பி வந்த கையோடு அப்பா தன் கையால் கட்டிய கட்டு அது. பேப்பர் வாசிப்பது அதில்தான், கோபித்துக்கொண்டு இருப்பதும் அதில்தான். நான் தம்பியை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அப்பா மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உடையுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

உடைத்ததில் ஒரு துண்டை மட்டும் எடுத்து ஒதுக்கி வைத்தார். ஈரச் சீமெந்தில் ஒரு கோழி நடந்துபோன அடையாளம், நாலு காலடி. "உது அண்டைக்கே கறி வைச்ச கோழியெல்லே" என்றார் அம்மா. அண்ணன் போனுக்குள் எழும்பி உட்கார்ந்தான். அன்றைக்கு அந்தக் கோழியைத் துரத்தியது தானாம், அடியும் வாங்கினானாம், அந்தத் துண்டு தனக்கு வேண்டுமாம்.

"கனடாவுக்குக் கல்லு அனுப்ப எவ்வளவு காசு முடியும் எண்டு தெரியாமல் கதைக்கிறான்" என்றார் அப்பா. முப்பது வருஷம் தபால் கந்தோரில் இருந்தவர்.

இன்று காலை எழும்பிப் பார்த்தால், பழைய பேப்பர் நிறுக்கிற வில் தராசு பலாவின் கீழ்க்கொப்பில் தொங்குகிறது. அதில் உரப்பையில் சுற்றிய கோழிக்கால். அப்பா மூக்குக் கண்ணாடியோடு குனிந்து நிற்கிறார்.

"மூண்டு கிலோ எழுநூறு. கரையைக் கொஞ்சம் தட்டினால் குறையும்" என்றார்.